அசதி என்று சும்மா விட்டுவிடாதீர்கள்



சம்பா நடவு தொடங்கிவிட்டால் கீழ்வேளூர், திருக்குவளை, தலைஞாயிறு பக்கம் விடியுமுன்னே பெண்கள் வயலில் இறங்கிவிடுகிறோம். குனிந்த முதுகு நிமிர மதியம் ஆகிவிடும். அந்த வரிசையில் முழுகாமல் இருக்கிற ஒருத்தியும் நிற்பாள். "ஒரே அசதியா இருக்குக்கா" என்று சொன்னால், "நாங்கல்லாம் நட்டுக்கிட்டே பெத்தவங்கதான்" என்று பெரியவர்கள் வாயை அடைத்துவிடுவார்கள்.

முதல் 3 மாதமும் கடைசி 3 மாதமும் அசதி வருவது இயற்கை. ஓய்வு எடுத்தால் குறையும். எவ்வளவு தூங்கினாலும் போகாத அசதி, நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்குவது, நாக்கும் கண்ணிமை உள்பக்கமும் வெளுத்துக் கிடப்பது, இதெல்லாம் ரத்தசோகையாக இருக்கலாம். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தாலே ரத்தசோகைதான். 7-க்குக் கீழே போனால் பிரசவத்தில் போகிற ரத்தத்தை உடம்பு தாங்காது, உயிருக்கே ஆபத்து.

வயல் வேலை செய்கிற நமக்குக் கொக்கிப்புழுவும் ஒரு காரணம். மலம் கலந்த ஈர மண்ணில் வெறுங்காலோடு நடந்தால், பாதத்தின் தோல் வழியாக நுழைந்து குடலில் ஒட்டி ரத்தத்தை உறிஞ்சும். கொல்லைப் பக்கம் போகும்போதாவது செருப்பு போடுங்கள். 3 மாதம் முடிந்ததும் பூச்சி மாத்திரை பற்றி நர்ஸம்மாவிடம் கேளுங்கள்.

4-ம் மாதம் முதல் 180 நாள், தினம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை கட்டாயம். "மாத்திரை போட்டா பிள்ளை பெருத்துடும், ஆபரேஷன்தான்" என்பது வீண் பயம். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம். குமட்டினால் ராத்திரி சாப்பிட்டபின் போடுங்கள். டீயோடு மட்டும் வேண்டாம், சத்து உடம்பில் ஒட்டாது. முருங்கைக்கீரை, நெத்திலி, கூடவே ஒரு நெல்லிக்காய் சேருங்கள்.

அதற்காகப் படுத்தே கிடக்கவும் கூடாது. சிக்கல் எதுவும் இல்லாதவர்கள் சாயங்காலம் அரைமணி நேரம் தெருவில் நடந்தால் தூக்கம் நன்றாக வரும், கால் வீக்கமும் குறையும். மதியம் இடது பக்கம் ஒருக்களித்து ஒரு மணி நேரம் படுங்கள். சேற்றில் குனிகிற நடவு, தலைச்சுமை, மருந்தடிக்கும் வயல் வேண்டாம். முகம் வீங்குதல், விடாத தலைவலி, கண் மங்கல், ரத்தப்போக்கு, பிள்ளை அசைவு குறைதல், இதில் எது வந்தாலும் உடனே 108.

ஆனால் நடவுக்குப் போகாவிட்டால் கூலி? அங்கேதான் குழு வருகிறது. தவணைக்குப் பயந்துதான் பலர் வயலில் இறங்குகிறார்கள். கர்ப்பிணி உறுப்பினரின் உள்கடன் தவணையைப் பேறுகாலம் முடியும்வரை தள்ளிவைக்கத் தீர்மானம் எழுதலாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் முதல் இரண்டு பேறுக்கு, ரொக்கமும் பெட்டகமுமாக 18,000 ரூபாய் உண்டு. அதற்கு 12 வாரத்துக்குள் பதியவேண்டும்.

இன்னொன்று. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிப் பரிசோதனை செவ்வாய்க்கிழமை. அன்று குழுக்கூட்டம் போடுகிறவர்கள் தயவுசெய்து கிழமையை மாற்றுங்கள்.