கணினி திடீர்னு பேசலையா? திரைவாசிப்பான் கோளாறுகளை நீங்களே சரிசெய்யலாம்

ஆன்லைன் விண்ணப்பத்துக்கு இன்றே கடைசி நாள். பெயர், முகவரி, பிறந்த தேதி எல்லாம் நிரப்பியாச்சு. அடுத்த பெட்டிக்குப் போக டேப் விசையை அழுத்துறீங்க. சத்தமே இல்லை.

கணினியைக் காதால் பயன்படுத்தும் பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கு இந்தப் பதற்றம் பழக்கமானது. உடனே பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டு, "கொஞ்சம் பார்த்து அடிச்சுக் குடுங்க" என்று கேட்கத் தோன்றும். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் உங்கள் பாஸ்வேர்டு, ஓடிபி, வங்கிக் கணக்கு எண் எல்லாம் அவர் கைக்குப் போய்விடுகிறது. அதனால்தான் இந்தச் சின்னச் சின்னக் கோளாறுகளை நீங்களே கண்டுபிடித்துச் சரிசெய்யத் தெரிந்திருப்பது நல்லது.

கோளாறு நான்கு இடங்களில் ஒன்றில் இருக்கும்: ஒலி, திரைவாசிப்பான், அதன் நிலை, இணையப் பக்கம். இதே வரிசையில் சோதியுங்கள். முதல் மூன்றும் உங்கள் கையில் இருக்கின்றன. நான்காவதைச் சரிசெய்வது அந்த இணையதளத்தை நடத்துபவரின் கடமை.

தொடங்கும் முன்

விண்டோஸ் கணினியில் இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ என்ற திரைவாசிப்பானை வைத்து இங்கே விளக்குகிறோம். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் 2006-ல் இதைத் தொடங்கினார். அவரும் பார்வையற்றவர். இதன் மெனுக்களைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம்.

"இன்சர்ட் + எஸ்" என்று எழுதியிருந்தால், இன்சர்ட் விசையைப் பிடித்துக்கொண்டு எஸ் விசையை அழுத்த வேண்டும் என்று பொருள். லேப்டாப்பில் இன்சர்ட் விசை வசதியாக இல்லையென்றால், அமைப்புகளில் கேப்ஸ் லாக் விசையை அந்த வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

கணினி பேசாவிட்டாலும் உங்கள் போனில் டாக்பேக் பேசும். இந்தக் கட்டுரையைப் போனில் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகச் செய்து பாருங்கள்.

1. சத்தம் எங்கே போச்சு?

முதலில் ஒரு சோதனை. விண்டோஸ் + கன்ட்ரோல் + என்டர் அழுத்துங்கள். விண்டோஸுடன் வரும் நரேட்டர் என்ற இன்னொரு திரைவாசிப்பான் இயங்கும்.

நரேட்டரும் பேசவில்லையா? அப்படியென்றால் சந்தேகம் ஒலியின் மேல்தான். ஸ்பீக்கருக்கு மின்சாரம் வருகிறதா, ஹெட்போன் பின் சரியாகச் செருகியிருக்கிறதா, கீபோர்டில் மியூட் விசை தவறுதலாக அழுந்திவிட்டதா என்று பாருங்கள். இன்னொன்றையும் மறக்காதீங்க: முன்பு இணைத்த புளூடூத் ஹெட்செட் அடுத்த அறையில் ஆன் ஆகியிருந்தால், கணினி அங்கே பேசிக்கொண்டிருக்கும்! அதை அணைத்துவிட்டு மறுபடி கேளுங்கள்.

நரேட்டர் பேசுகிறதா? அப்போ ஒலி நலமாக இருக்கிறது, கோளாறு என்விடிஏ பக்கம். அதே மூன்று விசைகளை அழுத்தி நரேட்டரை நிறுத்திவிட்டு அடுத்த படிக்கு வாருங்கள். நிறுத்த மறந்தால் இரண்டு குரலும் ஒரே நேரத்தில் பேசிக் குழப்பும். "திடீர்னு ரெண்டு பேர் பேசுறாங்க" என்ற புகாருக்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

2. திரைவாசிப்பான் நின்றுவிட்டதா?

கன்ட்ரோல் + ஆல்ட் + என் அழுத்துங்கள். என்விடிஏ நின்றிருந்தால் தொடங்கும். திணறிக்கொண்டிருந்தால் மூடிவிட்டு மறுபடி தொடங்கும். நிறுவும்போது டெஸ்க்டாப் குறுக்குவழிக்கு ஒப்புதல் கொடுத்திருந்தால் இந்த விசைகள் வேலை செய்யும். இதனால் பிரவுசர் மூடாது. நிரப்பிய படிவம் அப்படியே இருக்கும். ஆனால் கணினியையே ரீஸ்டார்ட் செய்தால் படிவம் போய்விடலாம். ஆகவே அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

என்விடிஏ இயங்குகிறது, ஆனால் பேசவில்லை என்றால் இன்சர்ட் + எஸ் அழுத்திப் பாருங்கள். பேச்சை நிறுத்துவதும், பேச்சுக்குப் பதில் பீப் ஒலி தருவதும், மறுபடி பேச வைப்பதும் இந்த ஒரே விசைதான். கை தவறிப் பட்டாலே போதும், குரல் நின்றுவிடும். ஒருமுறை அழுத்தி, சற்றுப் பொறுத்து, அடுத்த முறை அழுத்துங்கள்.

ஒரே ஒரு மென்பொருளில் மட்டும் மௌனமா? அந்த மென்பொருளுக்கு உறக்க நிலை இயங்கியிருக்கலாம். இன்சர்ட் + ஷிஃப்ட் + எஸ் அதை நீக்கும். லேப்டாப் விசையமைப்பில் எஸ்-க்குப் பதில் இசட்.

புதிதாக ஏதாவது ஆட்-ஆன் சேர்த்த பிறகு கோளாறு வந்ததா? இன்சர்ட் + க்யூ அழுத்தினால் வரும் பட்டியலில், ஆட்-ஆன்கள் இல்லாமல் மறுபடி தொடங்கும் வசதி இருக்கிறது. அமைப்புகளை மாற்றி மாற்றி எல்லாம் குழம்பிவிட்டால் இன்சர்ட் + கன்ட்ரோல் + ஆர். ஒருமுறை அழுத்தினால் கடைசியாகச் சேமித்த அமைப்புக்குப் போகும். வேகமாக மூன்று முறை அழுத்தினால் புதிதாக நிறுவியபோது இருந்த நிலைக்கே போய்விடும். மூன்று முறை அழுத்தும் முன் யோசியுங்கள்.

3. தமிழ் மட்டும் வரலையா?

ஆங்கிலம் படிக்கிறது, தமிழ் வந்தால் மௌனம் அல்லது உளறல். ஆங்கிலக் குரல் தேர்வாகியிருப்பது இதற்கு ஒரு காரணம். இன்சர்ட் + கன்ட்ரோல் + எஸ் அழுத்தி ஒலிப்பானை மாற்றுங்கள். என்விடிஏவுடன் வரும் ஈஸ்பீக் ஒலிப்பானில் தமிழ் உண்டு. கேட்க இயந்திரம் போல இருக்கும், ஆனால் இணையம் தேவையில்லை. விண்டோஸ் 10, 11-ல் மொழி அமைப்புக்குப் போய்த் தமிழ்ப் பேச்சைச் சேர்த்தால் 'வள்ளுவர்' என்ற ஆண் குரல் கிடைக்கும். பிறகு ஒலிப்பான் பட்டியலில் விண்டோஸ் ஒன்கோர் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

குரல் சரியாக இருந்தும் ஒரு ஆவணம் மட்டும் உளறலாகக் கேட்கிறதா? அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததாக இருக்கலாம். பார்ப்பவர் கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும், உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். திரைவாசிப்பான் உள்ளே இருப்பதைத்தான் படிக்கும். இந்தக் குழப்பம் தீரத்தான் தமிழக அரசு 2010-ல் யூனிகோடை ஏற்றது. பழைய ஆவணத்தை எழுத்துரு மாற்றி மூலம் யூனிகோடுக்கு மாற்றினால் படிக்கும்.

4. பெயரை அடித்தால் பக்கம் தாவுதா?

புதிதாகக் கற்பவர்களை அதிகம் அலைக்கழிப்பது இதுதான். இணையப் பக்கத்தில் என்விடிஏவுக்கு இரண்டு நிலைகள் உண்டு. உலாவும் நிலையில் ஒவ்வொரு எழுத்தும் ஒரு குறுக்குவழி: எச் அழுத்தினால் அடுத்த தலைப்பு, பி அழுத்தினால் அடுத்த பட்டன், கே அழுத்தினால் அடுத்த இணைப்பு. நிரப்பும் நிலையில் எழுத்துகள் பெட்டிக்குள் விழும்.

உலாவும் நிலையில் இருந்துகொண்டு கமலா என்று ஆங்கிலத்தில் அடித்தால், கே விசை உங்களை எங்கோ ஒரு இணைப்புக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். இன்சர்ட் + ஸ்பேஸ் அழுத்தினால் நிலை மாறும். ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனியாக ஒரு சின்ன ஒலி வரும். இரண்டையும் காதில் பழக்கிக்கொள்ளுங்கள். மாறாக, பெட்டிக்குள் மாட்டிக்கொண்டு மேலே உள்ள குறிப்பைப் படிக்க முடியவில்லை என்றால் எஸ்கேப் அழுத்தி வெளியே வாருங்கள்.

பக்கத்தில் புதிதாக வந்த விவரத்தைப் படிக்கவில்லையா? இன்சர்ட் + எஃப் 5 அழுத்துங்கள். வெறும் எஃப் 5 வேண்டாம். அது பக்கத்தையே மறுபடி ஏற்றும், நிரப்பியதெல்லாம் அழிந்துவிடலாம்.

பாஸ்வேர்டு தவறு என்றே வருகிறதா? கேப்ஸ் லாக்கை என்விடிஏ விசையாக வைத்திருப்பவர்கள் அதை வேகமாக இருமுறை அழுத்தினால், நிஜ கேப்ஸ் லாக் ஆன் ஆகிவிடும். இன்னொருமுறை அப்படியே அழுத்தினால் சரியாகிவிடும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை

திரை முழுக்க கருப்பா இருக்கு, ஆனா கணினி பேசுதா? பவர் பட்டனைத் தொடாதீங்க. என்விடிஏவில் திரைச்சீலை என்ற வசதி இருக்கிறது. அருகில் இருப்பவர் எட்டிப் பார்க்காமலிருக்க, பயன்படுத்துபவரே திரையை மறைத்துக்கொள்வார். உதவி கேட்டால் மட்டும், இன்சர்ட் + கன்ட்ரோல் + எஸ்கேப் அழுத்தி விலக்கச் சொல்லுங்கள்.

5. எல்லாம் சரி, பக்கம்தான் படிக்கலை!

பட்டனுக்குப் போனால் வெறும் "பட்டன்" என்கிறது, பெயர் இல்லை. கேப்ட்சா படமாக மட்டும் இருக்கிறது, ஒலி வடிவம் இல்லை. அரசாணையை ஸ்கேன் செய்து பிடிஎஃப்-ஆகப் போட்டிருக்கிறார்கள். இவை உங்கள் கணினியின் கோளாறு அல்ல. உங்கள் திறமைக் குறைவும் அல்ல. பக்கத்தை உருவாக்கியவர் விட்ட குறை.

அவசரத்துக்குச் சில வழிகள் உண்டு. வேறு பிரவுசரில் திறந்து பாருங்கள். ஸ்கேன் செய்த பொது அறிவிப்பை கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் தமிழ் எழுத்துகளையும் பிரித்துத் தரும். பி மை ஐஸ் செயலியில் தன்னார்வலர் ஒருவர் உங்கள் போன் கேமரா வழியாகத் திரையைப் பார்த்துச் சொல்வார். ஆதார், பாஸ்வேர்டு, ஓடிபி இருக்கும் பக்கங்களை மட்டும் இப்படிக் காட்ட வேண்டாம்.

அதோடு விட்டுவிடாமல் புகாரும் கொடுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன் 42-வது பிரிவு, மின்னணு உள்ளடக்கம் அனைவரும் அணுகும் வகையில் இருப்பதை அரசு உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்தது. ஆகவே நீங்கள் கேட்பது சலுகை அல்ல.

புகாரில் நான்கு விவரங்கள் இருக்கட்டும்: பக்கத்தின் முகவரி, எந்தப் பெட்டி அல்லது பட்டன், அங்கே என்விடிஏ என்ன சொல்கிறது, பிரவுசர் மற்றும் என்விடிஏவின் பதிப்பு எண். "வெப்சைட் வேலை செய்யலை" என்று மட்டும் எழுதினால், சரிசெய்பவருக்கு எங்கே தேடுவது என்றே தெரியாது. இணையதளத்தின் தொடர்புப் பகுதியில் முதலில் எழுதுங்கள். தமிழக அரசுச் சேவை என்றால் முதல்வரின் முகவரி உதவி எண் 1100-லும் பதிவு செய்யலாம்.

இன்றைக்கே செய்ய மூன்று வேலைகள்

கணினி நன்றாகப் பேசும்போதே இன்சர்ட் + கன்ட்ரோல் + சி அழுத்தி அமைப்பைச் சேமியுங்கள். தமிழ்க் குரலைச் சேர்த்து வையுங்கள். இன்சர்ட் + 1 அழுத்தி விசைகளைப் பழகுங்கள். அந்த நிலையில் எந்த விசையைத் தொட்டாலும் அதன் வேலையைச் சொல்லுமே தவிர, எதையும் மாற்றாது. பயிற்சி முடிந்ததும் மறுபடி இன்சர்ட் + 1. அவ்ளோதான்!