மலையேறும் செவிலியர்

கேள்வி: கல்வராயன் மலையில் கிராம சுகாதார செவிலியர் கர்ப்பிணிகளுக்கு என்னதான் செய்கிறார்? – வாசகி, சங்கராபுரம்

பதில்: மாத்திரை கொடுப்பதோடு அவர் வேலை முடிவதில்லை. மலையாளிப் பழங்குடியினரின் சிதறிய குடியிருப்புகள் சிலவற்றுக்கு இன்றும் நடந்துதான் போகவேண்டும்.

கர்ப்பிணியின் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பார். உள்பக்கம் வெளிறியிருந்தால் ரத்தசோகை என்று சந்தேகம். உடனே ஹீமோகுளோபின் பரிசோதனை. இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்கக் கூடாது என்று மாமியாரிடமும் சொல்லிவிட்டு வருவார். கெட்டிக்காரத்தனம் அதில்தான் இருக்கிறது!

மலைப்பாதையில் வலி கண்டபின் வண்டி தேடுவது ஆபத்து. அதனால்தான் தமிழக மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றில், முன்கூட்டியே வந்து தங்கப் பிரசவக் காத்திருப்பு அறைகள் உள்ளன.

பிள்ளை பிறந்தபின் இடைவெளி பற்றிய பேச்சு. காப்பர்-டியா, 3 மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா கருத்தடை ஊசியா என்பது அந்தப் பெண்ணின் முடிவு. ஊசியை நிறுத்தியபின் மறுபடி கருத்தரிக்கச் சில மாதங்கள் ஆகலாம் என்பதையும் செவிலியர் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.