கல்லாவிலிருந்து கணினிக்கு: எஸ்எஸ்டி கணக்குக் குறிப்புகள்

கோலசிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங் என்று எந்தப் பட்டணத்துச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தாலும் எஸ்எஸ்டி பேச்சு காதில் விழும். கட்ட வேண்டியவர்களைவிடக் கட்டத் தேவையே இல்லாதவர்கள்தான் அதிகம் பயந்துகொண்டிருக்கிறார்கள். கட்ட வேண்டியவர்களோ, கணக்கு ஏற்றும் கடைசி நாளில்தான் ரசீதுப் பையைத் தேடுகிறார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்தே இந்தக் குறிப்புகள். கணினியில் எண்களைத் தட்டுவது அரைமணி நேர வேலை. மிச்ச வேலையெல்லாம் கல்லாவில்தான் இருக்கிறது.

1. இது சிலாங்கூர் மாநில அரசின் வரி இல்லை. நகராண்மைக் கழகத்தில் ஆண்டுதோறும் புதுப்பிக்கும் வியாபார லைசென்ஸுக்கும் இதற்கும் தொடர்பில்லை. எஸ்எஸ்டி என்பதில் அடங்கும் விற்பனை வரி, சேவை வரி இரண்டும் மத்திய அரசுடையவை. வசூலிப்பது அரச மலேசிய சுங்கத்துறை. 2015 ஏப்ரலில் வந்த ஜிஎஸ்டியை 2018 ஜூன் 1 முதல் சுழியமாக்கினார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் இந்த இரண்டு வரிகளும் புதிய சட்டங்களோடு திரும்பி வந்தன. வருமான வரி வாரியத்துக்கு அனுப்பும் பி பாரம் தனிக்கதை. "வருமான வரிதான் கட்டிட்டேனே, இது எதுக்கு?" என்று கேட்டுப் பயனில்லை.

2. நீங்கள் கட்ட வேண்டுமா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். வாங்கி விற்கும் மளிகைக் கடை, துணிக்கடை, காய்கறிக் கடைக்காரர்கள் விற்பனை வரிக்குப் பதிய வேண்டியதில்லை. அந்த வரி உற்பத்தி செய்பவரிடமும் இறக்குமதி செய்பவரிடமும் ஒரே ஒரு கட்டத்தில் வாங்கப்படுவது. உங்கள் கடைக்கு வரும் பொருளின் விலையிலேயே அது கலந்துவிட்டிருக்கும். வரிக்குரிய பொருளைத் தயாரிப்பவர் என்றால், 12 மாத விற்பனை 500,000 வெள்ளியைத் தாண்டும்போது பதிய வேண்டும். அதாவது மாதம் சராசரியாக 41,600 வெள்ளிக்கு மேல். பொருளைப் பொறுத்து வரி 5 அல்லது 10 விழுக்காடு, சிலவற்றுக்கு முழு விலக்கு. வீட்டில் முறுக்கு சுட்டுத் தோட்டத்து வீடுகளுக்குப் பாக்கெட் போடுகிறவர் இந்தக் கவலையை இப்போதைக்கு மறந்துவிடலாம்.

சாப்பாட்டுக் கடைக்கு வருவது சேவை வரி. அதன் எல்லை 12 மாதத்தில் 1,500,000 வெள்ளி. நாள் கணக்கில் பார்த்தால், ஆண்டு முழுவதும் கடை அடைக்காமல் தினம் 4,100 வெள்ளிக்குச் சற்று மேல் கல்லாவில் விழ வேண்டும். பொட்டலம் கட்டிக் கொடுப்பதும் இதில் சேரும். பெரும்பாலான ஒட்டுக்கடைகள் இந்த எல்லைக்கு அருகில்கூட வராது. பட்டணத்தில் இரண்டு மூன்று கிளை வைத்திருப்பவர்கள், கல்யாணச் சமையல் ஒப்பந்தம் எடுப்பவர்கள்தான் கவனிக்க வேண்டியவர்கள். கிளைகள் ஒரே நிறுவனத்தின் பெயரில் இருந்தால் எல்லாவற்றையும் சேர்த்தே கூட்டுவார்கள். மின்மினி பார்க்க வருகிறவர்களுக்கு அறை வாடகைக்கு விடும் தங்கும் விடுதிக்கு எல்லை 500,000 வெள்ளி.

3. பள்ளிச் சிற்றுண்டிச்சாலையும் கோயில் போன்ற சமய அமைப்புகள் நடத்தும் சிற்றுண்டிச்சாலையும் சேவை வரிப் பட்டியலில் இல்லை. தமிழ்ப்பள்ளியில் குத்தகை எடுத்திருக்கும் அம்மாமார்கள் இரவில் நிம்மதியாகத் தூங்கலாம்.

4. 12 மாதம் என்றால் ஜனவரி முதல் டிசம்பர் வரை என்று எண்ணிவிடாதீர்கள். ஒவ்வொரு மாத முடிவிலும் அந்த மாதத்தையும் அதற்கு முந்திய 11 மாதங்களையும் கூட்டிப் பார்க்க வேண்டும். அடுத்த 11 மாதங்களில் தாண்டிவிடும் என்று தெரிந்தாலும் அதே விதிதான். பெரிய தொழிற்சாலைக்கு உணவு வழங்கும் ஒப்பந்தம் கையில் கிடைத்தால் இப்படி ஆகும். ஜூன் மாதத்தில் எல்லையைத் தாண்டினால் ஜூலை 31க்குள் சுங்கத்துறையின் மைஎஸ்எஸ்டி இணையத்தளத்தில் பதிவு மனு போட வேண்டும். ஆகஸ்ட் 1 முதல் வாடிக்கையாளரிடம் வரி வாங்க வேண்டும். பதியாமல் வரி வாங்குவது குற்றம். பதிய வேண்டியவர் பதியாமல் இருப்பதும் குற்றம்தான்.

5. கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. பாரத்தின் பெயர் எஸ்எஸ்டி 02. இரண்டு மாதம் முடிந்ததும் அடுத்து வரும் மாதத்தின் கடைசி நாளுக்குள் கணக்கும் போக வேண்டும், பணமும் போக வேண்டும். ஜனவரி, பிப்ரவரி கணக்குக்குக் கெடு மார்ச் 31. செப்டம்பர், அக்டோபர் கணக்குக்கு நவம்பர் 30. தீபாவளிக் கூட்டத்தில் இதைத்தான் பலர் மறக்கிறார்கள். சிலருக்குப் பிப்ரவரி, மார்ச் என்று சுற்று மாறியிருக்கும். பதிவுக் கடிதத்தைப் பார்த்து, ஆறு கெடு நாட்களையும் கல்லாவுக்குப் பின்னால் தொங்கும் நாட்காட்டியில் சிவப்பு மையில் வட்டம் போட்டுவிடுங்கள்.

6. விலையில் வரி சேர்ந்திருக்கிறதா, தனியா என்பதில்தான் காசு கை நழுவுகிறது. சாப்பாட்டுக்குச் சேவை வரி 6 விழுக்காடு. 2024 மார்ச் 1 முதல் பல சேவைகளுக்கு 8 ஆனபோதும் உணவு, தொலைத்தொடர்பு, வாகன நிறுத்தம் ஆகியவை 6லேயே நின்றன. வாழையிலைச் சாப்பாட்டுக்கு வரியோடு சேர்த்து ஒரே விலை என்று பலகையில் எழுதியிருக்கிறீர்கள், இரண்டு மாத வசூல் 296,800 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். நேராக 6 விழுக்காடு போட்டால் 17,808 வரும், அது தப்பு. வசூலை 106ஆல் வகுத்து 6ஆல் பெருக்குங்கள்: 16,800. வரி இல்லாத விற்பனை 280,000. வித்தியாசம் 1,008 வெள்ளி. ஒரு பையனுக்கு அரை மாதச் சம்பளத்தைவிட அதிகம். பில் போடும் இயந்திரம் வைத்திருப்பவர்கள் அதில் வரி தனி வரியாக விழும்படி அமைத்துக்கொண்டால் இந்தச் சிக்கலே வராது.

7. பற்றுக் கணக்கு. தோட்டத்துச் சம்பள நாள் வரை நோட்டில் எழுதிச் சாப்பிடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். லாரி ஓட்டுநர்கள், பனைக்குலை ஏற்றுகிறவர்கள், ஒப்பந்த வேலையாட்கள் எல்லாம் அப்படித்தான். சேவை வரி, காசு கைக்கு வரும்போதுதான் கணக்கில் ஏறும். மார்ச்சில் சாப்பிட்டு மே மாதத்தில் கொடுத்தால் மே மாதக் கணக்கு. ஆனால் 12 மாதம் ஆகியும் வராத பற்றுக்கு, வந்தாலும் வராவிட்டாலும் நீங்கள்தான் வரி கட்ட வேண்டும். ஆகவே பற்று நோட்டில் சாப்பிட்ட தேதி, கொடுத்த தேதி என்று இரண்டு பத்திகள் போடுங்கள். உற்பத்தியாளருக்கு இந்தச் சலுகை இல்லை. பொருளை விற்றதுமே விற்பனை வரி விழுந்துவிடும், கடன்காரன் எப்போது கொடுப்பான் என்று சுங்கத்துறை காத்திருக்காது.

8. நோட்டைத் தமிழில் எழுதும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. அழகான கையெழுத்தில் தினக்கணக்கு வைத்திருக்கும் கடைகள் நம் பக்கத்தில் உண்டு. ஆனால் வரிச் சட்டம் கணக்குப் புத்தகங்களை மலாயிலோ ஆங்கிலத்திலோ கேட்கிறது. ரசீதும் அப்படியே. தமிழ் நோட்டை விட வேண்டாம். ஒவ்வோர் இரவும் அன்றைய மொத்தம், வரி, பற்று ஆகிய மூன்றை மட்டும் மலாயில் வேறொரு நோட்டில் ஏற்றிவிடுங்கள். படிக்கிற பிள்ளை இருந்தால் கணினியிலேயே தட்டிவிடும். எல்லாப் பதிவுகளையும் ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும். வெப்பத் தாளில் அச்சாகும் ரசீது சில மாதத்திலேயே வெளுத்துவிடும். வாங்கிய அன்றே கைப்பேசியில் படம் பிடியுங்கள்.

9. தளத்தில் ஏற்றும் நாள். பதிவு எண், இரண்டு மாதச் சுருக்கம், வங்கி இணையக் கணக்கு மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். மைஎஸ்எஸ்டி தளத்தில் நுழைந்து எஸ்எஸ்டி 02ஐத் திறந்தால் உங்கள் விவரங்கள் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். வரிக்காலம் சரியா என்று மட்டும் பாருங்கள். அடுத்து வரும் அட்டவணையில் உங்கள் பொருள் அல்லது சேவைக்குரிய குறியீட்டைத் தேர்ந்தெடுத்து மதிப்பை எழுத வேண்டும். விற்ற பொருள், சொந்த உபயோகத்துக்கு எடுத்த பொருள், கொடுத்த சேவை என்று மூன்றுக்கும் தனித்தனிப் பத்தி உண்டு. இந்த நடுப்பத்தியைத்தான் உற்பத்தியாளர்கள் காலியாக விட்டுவிடுகிறார்கள். வரிக்குரிய பலகாரம் தயாரிக்கும் பட்டறைக்காரர், தீபாவளிக்குச் சம்பந்தி வீட்டுக்கும் வேலையாட்களுக்கும் எடுத்துக்கொடுத்த டின்களும் அங்கேதான் வர வேண்டும். இலவசம்தானே என்று விட முடியாது.

பிறகு, விழுக்காடு வாரியாக மொத்தத்தைக் கேட்கும். அறையும் வாடகைக்கு விட்டுச் சாப்பாடும் போடுகிறவர் 8 விழுக்காட்டையும் 6 விழுக்காட்டையும் கலக்காமல் பிரித்து எழுத வேண்டும். அனுப்பும் பொத்தானைத் தொடுவதற்கு முன், திரையில் காட்டும் வரித் தொகை உங்கள் சுருக்கத்தில் உள்ள தொகையோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். அனுப்பியதும் வரும் ஒப்புகைச் சீட்டைச் சேமித்து அச்சிட்டு ஃபைலில் போடுங்கள். கெடு முடிந்தபின் தவறு தெரிந்தால் சுங்கத்துறை அலுவலகத்தை அணுக வேண்டியிருக்கும்.

10. கணக்கை அனுப்பியதோடு வேலை முடியவில்லை, பணமும் கட்ட வேண்டும். தளத்திலிருந்தே வங்கிக்குப் போய் எஃப்பிஎக்ஸ் என்ற இணையக் கட்டண முறை வழியாகக் கட்டலாம். இங்கே இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். வங்கிக் கணக்கின் அன்றாட வரம்பு வரித் தொகையைவிடக் குறைவாக இருக்கும். அல்லது நிறுவனக் கணக்குக்கு இருவர் ஒப்புதல் தேவைப்படும், பங்காளியான மைத்துனர் அன்றைக்குப் பார்த்துத் திருச்சிக்குப் போயிருப்பார். கெடுவுக்கு ஒரு வாரம் முன்பே கட்டிவிடுவது உத்தமம்.

11. விற்பனை இல்லாவிட்டாலும் கணக்கு உண்டு. கடையைப் புதுப்பிக்க இரண்டு மாதம் மூடியிருந்தாலும் சுழியம் என்று நிரப்பி அனுப்ப வேண்டும்.

12. தாமதம் மலிவானதல்ல. கெடு தாண்டிய முதல் 30 நாளுக்குள் 10 விழுக்காடு அபராதம். அடுத்த 30 நாளுக்கு இன்னொரு 15. அதற்கடுத்த 30 நாளுக்கு மேலும் 15. ஆக மொத்தம் 40 விழுக்காடு. மேலே சொன்ன 16,800 வெள்ளியை ஒரே நாள் தாமதமாகக் கட்டினாலும் 1,680 கூடுதல். மூன்று மாதம் இழுத்தால் 6,720. வட்டிக்கு விடுகிறவர்கூட இவ்வளவு வேகம் காட்டமாட்டார். வாடிக்கையாளரிடம் வாங்கிய வரியைக் கடைச் செலவுக்கு எடுப்பதால்தான் பெரும்பாலும் இந்த நிலை வருகிறது. வாரம் ஒருமுறை அந்தத் தொகையைத் தனி வங்கிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள்.

13. கணக்கு எழுதும் ஏஜண்டிடம் வேலையைக் கொடுங்கள், தவறில்லை. ஆனால் தளத்தில் பதிந்த மின்னஞ்சல் உங்களுடையதாக இருக்கட்டும். ஏஜண்டின் மின்னஞ்சலைக் கொடுத்துவிட்டால் நினைவூட்டல் கடிதமெல்லாம் அவருக்கே போகும். அவரோடு மனத்தாங்கல் வந்தால் கடவுச்சொல்லை மாற்றக்கூட முடியாமல் திண்டாடுவீர்கள். ஒவ்வொரு முறையும் ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். "அனுப்பியாச்சு அண்ணே" என்ற வாட்ஸ்அப் செய்தி சீட்டாகாது. தோட்டத்துப் பக்கம் இணைய வேகம் போதாமல் பொதுக் கணினியைப் பயன்படுத்துகிறவர்கள், கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்று உலாவி கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

14. இது கடையில் சாப்பிடும் வாடிக்கையாளர்களுக்கு. சாப்பிட்ட பில்லில் சேவை வரி போட்டிருந்தால் கடையின் பதிவு எண்ணும் அச்சாகியிருக்க வேண்டும். சந்தேகம் என்றால் மைஎஸ்எஸ்டி தளத்திலேயே அந்தக் கடை பதிந்திருக்கிறதா என்று தேடிப் பார்க்கலாம். அதற்குக் கணக்கோ கடவுச்சொல்லோ வேண்டாம். பில்லில் வரும் "சர்விஸ் சார்ஜ்" அரசாங்க வரி அல்ல, கடைக்காரர் தனக்காக வாங்குவது.

15. மின்விலைப்பட்டியல் வருமான வரி வாரியத்தின் ஏற்பாடு. அதில் ஒவ்வொரு பில்லையும் ஏற்றிவிட்டாலும் எஸ்எஸ்டி 02ஐத் தனியாக அனுப்பித்தான் ஆக வேண்டும். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

16. கடையை மூடினாலோ மகனுக்கோ வேறு நிறுவனத்துக்கோ மாற்றினாலோ 30 நாளுக்குள் சுங்கத்துறைக்குத் தெரிவித்து, கடைசிக் கணக்கையும் அனுப்பிப் பதிவை நீக்கச் சொல்லுங்கள். கதவைப் பூட்டிவிட்டுப் பதிவை அப்படியே விட்டால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு எங்கே என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். நேரில் போக வழியில்லாவிட்டால் சுங்கத்துறையின் அழைப்பு மையத்தை 1-300-888-500 என்ற எண்ணில் அழைக்கலாம். அழைக்கும்போது பதிவு எண்ணைக் கையில் வைத்திருங்கள்; முதலில் கேட்பது அதைத்தான்.