காயலான் கடைக்குப் போகும் கம்பெனிக் கணினி

நம்பிக்கை: கணக்கில் மதிப்பு தீர்ந்துவிட்டால் கணினிக்கும் ஆயுள் தீர்ந்தது.

நம் கம்பெனிச் சட்டம் லேப்டாப்புக்கு 3 ஆண்டு, சர்வருக்கு 6 ஆண்டு என்று ஆயுள் போடுவது தேய்மானக் கணக்குக்காக. ரேம் கூட்டி, எஸ்எஸ்டி மாற்றினால் பல லேப்டாப்புகள் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். பாதுகாப்பு அப்டேட் நின்றுபோவதுதான் உண்மையான கெடு. விண்டோஸ் 10க்கு அது 2025 அக்டோபர் 14.

நம்பிக்கை: ஃபார்மட் அடித்தால் எல்லாம் போய்விடும்.

ஹார்ட் டிஸ்கில் விரைவு ஃபார்மட் செய்தால் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற பட்டியல் மட்டுமே போகும். கோப்புகள் அப்படியே கிடக்கும். இலவச மீட்பு மென்பொருளே பலவற்றைத் தோண்டி எடுத்துவிடும். எஸ்எஸ்டியில் காந்தப் பதிவே கிடையாது. எனவே ஹார்ட் டிஸ்கை அழிக்கும் காந்தக் கருவி அதனிடம் பலிக்காது. அதற்கென உள்ள அழிப்புக் கட்டளையைக் கொடுக்க வேண்டும், அல்லது தூளாக்க வேண்டும். வாங்கிய அன்றே என்கிரிப்ட் செய்துவைத்தவர்களுக்குக் கவலை குறைவு. சாவியை முறையாக அழித்தால் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது.

நம்பிக்கை: ஏஜென்சியிடம் ஒப்படைத்தால் நம் பொறுப்பு முடிந்தது.

அமெரிக்காவின் மார்கன் ஸ்டான்லி கதை இதற்குப் போதும். அந்த நிதி நிறுவனம் 2016இல் இரண்டு டேட்டா சென்டர்களை மூடியது. பழைய சர்வர்களையும் டிஸ்குகளையும் அகற்றும் வேலை, சாமான் ஏற்றி இறக்கும் ஒரு நிறுவனத்துக்குப் போனது. தரவு அழிப்பில் அதற்கு அனுபவமே இல்லை. ஆயிரக்கணக்கான கருவிகள் கைமாறின. கடைசியில் இணைய ஏலத்துக்கு வந்தன, வாடிக்கையாளர் விவரங்களோடு! டிஸ்க் வாங்கிய ஓக்லஹோமாக்காரர் ஒருவர் மின்னஞ்சல் அனுப்பி நிறுவனத்துக்கே தகவல் சொன்னார். இதோடு தீரவில்லை. கிளை அலுவலகங்களின் சர்வர்களை மாற்றிவிட்டுக் கணக்குப் பார்த்தால், 42 சர்வர்களைக் காணோம். அவற்றில் என்கிரிப்ஷன் வசதி இருந்தும் பல ஆண்டுகள் அதை யாரும் இயக்கவில்லை. அபராதம் 2020இல் 6 கோடி டாலர், 2022இல் இன்னும் 3.5 கோடி. லாரிக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆளைத் தேர்ந்தெடுத்தது யார்?

இந்தியாவிலும் 2023 ஏப்ரல் முதல் நடப்பிலிருக்கும் மின்கழிவு விதிகளின்படி, பெரிய அளவில் கருவிகளைப் பயன்படுத்தும் நிறுவனங்கள் பதிவு பெற்றவர்களிடம்தான் கழிவைக் கொடுக்க வேண்டும். கொடுத்தபின் 'அழித்துவிட்டோம்' என்று ஒரு வரிக் கடிதம் வந்தால் ஏற்காதீர்கள். ஒவ்வொரு டிஸ்கின் சீரியல் நம்பரும் சான்றிதழில் இருக்க வேண்டும். அது உங்கள் இருப்புப் பதிவேட்டோடு ஒத்துப்போக வேண்டும்.

நம்பிக்கை: ஜெராக்ஸ் மெஷினில் என்ன இருக்கப்போகிறது?

பல அலுவலக மெஷின்களில் ஹார்ட் டிஸ்க் உண்டு. நியூயார்க்கின் அஃபினிட்டி ஹெல்த் பிளான், நோயாளிகளின் விவரத்தை அழிக்காமல் வாடகை மெஷின்களைத் திருப்பிக் கொடுத்ததற்காக, 2013இல் 12 லட்சம் டாலருக்கு மேல் கட்டியது. உங்கள் பதிவேட்டில் ஜெராக்ஸ் மெஷின் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.