600 மணி இன்ஜின்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய விளம்பரத்தைப் பார்த்தேன். 1976-ஆம் வருஷத்து செஸ்னா 172, ஃப்ளோரிடாவில் கடற்கரையை ஒட்டிய ஊர், புது பெயின்ட், ஓவர்ஹாலுக்குப் பிறகு இன்ஜின் ஓடியது 600 மணிதான். லைசென்ஸ் வந்த கையோடு இப்படி ஒன்று கண்ணில் பட்டால் யாருக்கும் தூக்கம் வராது. ஆனால் உனக்குப் பிடித்த அந்த 600-தான் எனக்கு உறுத்துகிறது.

ஓவர்ஹால் எப்போது நடந்தது என்று பார்த்தாயா? கடைசி வரியில் 1998 என்று இருக்கிறது. வகுத்துப் பார், வருஷத்துக்கு முப்பது மணிகூட வராது. அதில் இருப்பது லைகாமிங் ஓ-320. 2,000 மணிக்கு ஒருமுறை ஓவர்ஹால் செய்யச் சொல்லும் அதே கம்பெனி, மணி நிறையாவிட்டாலும் 12 வருஷத்தில் செய்துவிடு என்கிறது. சொந்தமாகப் பறப்பவரை இது சட்டப்படி கட்டுப்படுத்தாது. அதனால் விற்பவர்கள் மணியைக் கொட்டை எழுத்தில் போடுவார்கள், வருஷத்தை மூலையில் போடுவார்கள்.

இந்த இன்ஜினில் கேம்ஷாஃப்ட் இருப்பது கிராங்க்ஷாஃப்டுக்கு மேலே. இன்ஜினை நிறுத்தியதும் ஆயில் கீழே வடிந்துவிடும். மாசக்கணக்கில் ஹேங்கரிலேயே நின்றால், கேம் மேலிருக்கும் ஆயில் படலம் மெலிந்து, கடற்காற்றின் ஈரம் ஏறி, புள்ளி புள்ளியாகத் துரு பிடிக்கும். திரும்ப ஓட்டும்போது அந்தச் சொரசொரப்பு டாப்பெட்டின் முகத்தைத் தின்னும். கம்ப்ரஷன் டெஸ்டில் இது தெரியாது. 80-க்கு 76 என்று ஜோராக நிற்கும். ரிங்கும் வால்வும் எப்படி என்றுதான் அது சொல்லும், கேம் பற்றி வாயே திறக்காது. ஆயில் ஃபில்டரை அறுத்து, உள்ளே மடித்திருக்கும் தாளை விரித்து, வெயிலில் சாய்த்துப் பார்க்க வேண்டும். மினுக்கம் தெரிந்தால் அடியில் ஒரு காந்தத்தை ஓட்டு. துகள் ஒட்டினால் எஃகு. விலை பேசுவதை அங்கேயே நிறுத்திக்கொள்.

நானாக இருந்தால், 1,500 மணி ஓடியதாகவே இருந்தாலும், வாராவாரம் பறந்து, போன ஞாயிறுகூட ஆகாயத்தில் இருந்த ஒன்றைத்தான் வாங்குவேன். ஓவர்ஹால் செலவு சீக்கிரம் வரும் என்பது இரண்டு பேருக்குமே தெரியும், அதை விலையில் கழித்துக்கொள்ளலாம். துருவை யாரும் கழித்துத் தர மாட்டார்கள்.

'ஆனுவல் இப்போதுதான் முடிந்தது' என்பதில் மயங்காதே. அது சட்டம் கேட்கும் வருடாந்தரச் சோதனை. கையெழுத்துப் போட்டவர் விற்பவருக்கு வேண்டியவராகவும் இருக்கலாம். வாங்கும் முன் செய்யும் சோதனைக்குச் சட்டத்தில் வரையறையே கிடையாது, எதைப் பார்ப்பது என்று நீதான் சொல்ல வேண்டும். இந்த விமானத்தில் இதுவரை கை வைக்காத மெக்கானிக்காகப் பிடி. அமெரிக்க விமானத்துறை அமைப்பான எஃப்.ஏ.ஏ.வின் உத்தரவுகள் எல்லாம் நிறைவேறியிருக்கின்றனவா என்று முதலில் காகிதத்தில் பார்க்கச் சொல். சீட் ரெயிலை நீயே குனிந்து பார்க்கலாம். சீட்டைப் பூட்டும் பின் (pin) விழும் ஓட்டைகள் வட்டமாக இருக்க வேண்டும். முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தால், மூக்கு தூக்கி மேலேறும் நேரத்தில் சீட் பின்னால் வழுக்கும், நீ பிடிமானத்துக்கு யோக்கை இழுப்பாய், மூக்கு இன்னும் தூக்கிக்கொள்ளும். செஸ்னாக்களில் இப்படி உயிர்ச்சேதமே நடந்திருக்கிறது. 1987-லேயே இதற்கென்று உத்தரவு வந்துவிட்டது.

செஸ்னா 150 போதுமா என்றும் கேட்டிருந்தாய். அதற்கு அனுமதித்த மொத்த எடையே 1,600 பவுண்டுதான். டேங்கை நிரப்பிவிட்டால் உன் சைஸில் இரண்டு பேர் ஏற முடியாது. 172-ஐயே தேடு.

ஃப்ளோரிடாவுக்கு டிக்கெட் போடுமுன், 1998-லிருந்து இன்ஜின் லாக்புக்கைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து அனுப்பச் சொல். ஆயில் மாற்றிய தேதிகளை மட்டும் வரிசையாக எழுதிப் பார். நடுவில் இரண்டு மூன்று வருஷம் காணாமல் போயிருந்தால் காரணம் கேள். விமானத்தின் மேல் கடன் பாக்கி ஏதும் இருக்கிறதா என்று ஓக்லஹோமா சிட்டியில் உள்ள எஃப்.ஏ.ஏ. பதிவகத்தில் தேடிச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள், செலவு பெரிதில்லை. லாக்புக் படங்கள் வந்ததும் எனக்கும் அனுப்பு, சனிக்கிழமை உட்கார்ந்து பார்த்துவிடுகிறேன். அதுவரை அட்வான்ஸ் எதுவும் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
அண்ணன்