எலக்ட்ரிக் கார் ஹோம் சார்ஜர்: 50,000 ரூபாய் டப்பா நமக்குத் தேவையா?

புது கார் புக் பண்ற சந்தோஷத்துல, ஷோரூம்ல எந்த பேப்பரை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டுடுவோம். நான் சின்ன எலக்ட்ரிக் கார் வாங்கினப்ப, "சார், 7.2 கிலோவாட் வால் சார்ஜர் போட்டுக்கோங்க. 50,000 ரூபாய்தான் கூடுதல், லோன்லயே சேர்த்துடலாம்"னாங்க.

"லோன்லயே சேர்த்துடலாம்"னு கேட்டாலே என் கை கால்குலேட்டரைத் தேடும். 9 சதவீத வட்டி, 5 வருஷம்னா மாசம் 1,038 ரூபாய். மொத்தம் 62,000 ரூபாய்க்கு மேல. வேண்டாம்னுட்டேன். அது சரியான முடிவு. ஆனா அடுத்த ரெண்டே வாரத்துல ஒரு தப்பும் பண்ணினேன். அதை அப்புறம் சொல்றேன்.

முதல்ல கிலோமீட்டர், அப்புறம் கிலோவாட்

ஆபீஸ் போய் வர ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர்னு வச்சுக்குவோம். சின்ன எலக்ட்ரிக் கார் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 7 கிலோமீட்டர் ஓடும். சார்ஜ் ஆகும்போது வீணாகிறதையும் சேர்த்தா தினம் 6.5 யூனிட் போதும்.

காரோட வர்ற போர்ட்டபிள் சார்ஜரை 15 ஆம்ப்ஸ் பவர் பிளக்குல சொருகினா சுமார் 3 கிலோவாட் கிடைக்கும். அதாவது மணிக்கு 3 யூனிட். ராத்திரி 10 மணிக்குச் சொருகினா 12.30-க்குள்ள வேலை முடிஞ்சுது. 7.2 கிலோவாட் சார்ஜர் அதையே ஒரு மணி நேரத்துல முடிக்கும். மிச்சமான ஒன்றரை மணி நேரத்துல நாம என்ன பண்ணப் போறோம்? தூங்கத்தான் போறோம்.

இன்னொரு விஷயம். சுவத்துல மாட்டுற அந்த டப்பா உண்மையில சார்ஜரே இல்லை. அது காருக்குப் பாதுகாப்பா ஏசி கரண்ட் கொடுக்கும், அவ்வளவுதான். அதை டிசியா மாத்தி பேட்டரியில ஏத்துறது காருக்குள்ள இருக்கிற ஆன்-போர்டு சார்ஜர். அது 3.3 கிலோவாட்னா, வெளியில 7.2 மாட்டினாலும் 3.3 வேகத்துலதான் ஏறும். வாங்குறதுக்கு முன்னாடி உங்க வேரியன்ட்டோட ஸ்பெக் ஷீட்ல இந்த ஒரு எண்ணைப் பாருங்க.

ஈபி பில் என்ன ஆகும்?

வேகமான சார்ஜர் போட்டா பில் கூடும்னு சிலர், குறையும்னு சிலர் நினைக்கிறாங்க. ரெண்டும் இல்லை. பில் யூனிட்டுக்குத்தான், வேகத்துக்கு இல்லை.

ஆனா தமிழ்நாட்டுல ஸ்லாப்பைக் கவனிக்கணும். மாசம் 26 நாள் ஓட்டினா ரெண்டு மாசத்துக்குச் சுமார் 340 யூனிட். வீட்டுக்கு ஏற்கெனவே 300 யூனிட் ஆகுதுன்னா மொத்தம் 640. 500-ஐத் தாண்டினதும் மேல் யூனிட்டுகளுக்கு 8 ரூபாய்க்கு மேல, 600-க்கு மேல 9 ரூபாய்க்கு மேல வரும். 500-க்குள்ள இருந்தா 101-லேர்ந்து 200 யூனிட் வரைக்கும் கிடைக்கிற குறைஞ்ச ரேட்டும் போயிடும். அப்படியும் கூடுதல் பில் 3,000 ரூபாய்க்குள்ள அடங்கும். அதே 2,080 கிலோமீட்டருக்கு, லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடுற பெட்ரோல் கார்னா, லிட்டர் 100 ரூபாய் கணக்குல கிட்டத்தட்ட 13,900 ரூபாய்.

நான் பண்ணின தப்பு

50,000 மிச்சம் பிடிச்ச குஷியில, பார்க்கிங்ல இருந்த பழைய பவர் பிளக்குலயே தினம் சொருகினேன். ரெண்டாவது வாரம் ஒருநாள் காலையில பிளக்கைக் கழட்டினா கை சுட்டுது. சாக்கெட் ஓட்டையைச் சுத்தி பிளாஸ்டிக் பழுப்பாகி உருகியிருந்தது.

எலக்ட்ரீஷியன் திறந்து பார்த்தார். மெல்லிசான வயர், தண்ணி மோட்டாருக்கும் அதே லைன், ஸ்க்ரூ எல்லாம் லூஸ். கிரைண்டர் அரை மணி நேரம் ஓடும். கார் சார்ஜர் முழு கரண்டையும் மணிக்கணக்கா இழுக்கும். அந்தச் சூட்டை அந்த வயர் எப்படித் தாங்கும்? மேல் மாடியில குழந்தைங்க தூங்கிட்டிருந்தாங்க. அந்த நினைப்பு இன்னும் போகலை.

அப்புறம் செலவு பண்ணினேன். மீட்டர்லேர்ந்து பார்க்கிங் வரைக்கும் 15 மீட்டர், 4 சதுர மில்லிமீட்டர் காப்பர் வயர்ல தனி லைன், தனி எம்சிபி, 30 மில்லிஆம்ப் டைப் ஏ ஆர்சிசிபி, 16 ஆம்ப்ஸ் இண்டஸ்ட்ரியல் சாக்கெட், சரியான எர்த். கூலியோட சேர்த்து 9,000 ரூபாய் சொச்சம். எம்சிபி ஓவர்லோடுக்கு, ஆர்சிசிபி கரண்ட் கசிஞ்சா உயிரைக் காப்பாத்த. ரெண்டும் வேணும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மட்டும் வேண்டவே வேண்டாம்.

வாடகை வீடா?

அப்போ போர்ட்டபிள்தான் சரி. வீடு மாறினா கூடவே வரும். லைன் போட ஹவுஸ் ஓனர்கிட்டயும் அசோசியேஷன்கிட்டயும் எழுத்துல அனுமதி வாங்குங்க. லைன் உங்க மீட்டர்லேர்ந்து வரட்டும், காமன் மீட்டர்லேர்ந்து இழுத்தா சண்டைதான் மிச்சம். காருக்குத் தனி இணைப்பு கேட்கவும் 2024-ல திருத்தின மின் நுகர்வோர் உரிமை விதிகள்ல வழி இருக்கு.

யாருக்கு 7.2 தேவை?

ராத்திரி 9 மணி நேரம் சொருகினாலே 150 கிலோமீட்டருக்கு மேல ஓடுற சார்ஜ் ஏறிடும். தினம் அதைத் தாண்டுறவங்க, நைட் ஷிப்ட்ல மாறி மாறி வண்டி எடுக்கிறவங்க, வீட்டுல ரெண்டு எலக்ட்ரிக் கார் இருக்கிறவங்க யோசிக்கலாம். அவங்களும் ஈபியில அனுமதிச்ச லோடை முதல்ல பார்க்கணும். ஏசி, கீசரோட 7.2 கிலோவாட் சேர்ந்தா பல வீடுகள்ல லோடை உயர்த்த வேண்டி வரும். அந்தச் செலவையும் 50,000-த்தோட கூட்டிப் பாருங்க.

வரி பத்தி ரெண்டு வரி

எலக்ட்ரிக் வண்டி சார்ஜருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்னு 2019 ஆகஸ்ட்லயே 18-லேர்ந்து குறைச்சாங்க. பில்லுல சார்ஜர் தனியா, வயரிங் வேலை தனியா இருக்கான்னு பாருங்க. "லோன் வட்டிக்கு 80இஇபி கழிவு கிடைக்கும்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க. அது 2023 மார்ச் 31-க்குள்ள சாங்ஷன் ஆன லோனுக்கு மட்டும்தான்.

சுருக்கமா சொன்னா, டப்பாவுல மிச்சம் பிடிங்க, வயர்ல மிச்சம் பிடிக்காதீங்க. இந்த வாரமே உங்க தினசரி கிலோமீட்டர், ஆன்-போர்டு சார்ஜர் அளவு, ஈபி லோடு, மீட்டருக்கும் பார்க்கிங்குக்கும் உள்ள தூரம், இந்த நாலையும் ஒரு பேப்பர்ல எழுதுங்க. எழுதி முடிச்சப்புறம் ஷோரூமுக்குப் போங்க.