உருவம் ஒன்று, இனம் மூன்று

"நுண்ணோக்கியில் பார்த்தாலே எந்தப் பாக்டீரியா என்று தெரிந்துவிடும்" எனப் பல ஆண்டுகள் வகுப்பில் சொல்லிவந்தேன். அது முழு உண்மையன்று.

ஐரோப்பாவில் உண்ணிக்கடியால் பரவும் லைம் நோயைத் தரும் பொரீலியாக்கள் பார்வைக்கு ஒரே சுருள் வடிவம். 1990களின் தொடக்கத்தில் டி.என்.ஏ. ஒப்பீடே அவற்றை இனங்களாகப் பிரித்தது. பர்க்டோர்ஃபெரி மூட்டையும், கரினி நரம்பையும், அஃப்செலி தோலையும் அதிகம் பாதிக்கும்.

பிரித்தறியும் ஒரு முறை: டி.என்.ஏ.வின் குறிப்பிட்ட பகுதியைப் பி.சி.ஆர். மூலம் பெருக்கி, 'டி-டி-ஏ-ஏ' வரிசையில் மட்டும் வெட்டும் நொதியைச் சேர்ப்பர். துண்டுகளின் நீளம் இனத்துக்கு இனம் மாறும்.

இதையே வகுப்பில் செய்தோம். சம நீளமுள்ள மூன்று தாள் பட்டைகளில் வெவ்வேறு எழுத்து வரிசைகள். 'டி-டி-ஏ-ஏ' வரும் இடத்தில் மட்டும் கத்தரி. துண்டுகளை நீளவாரியாக அடுக்கியதும், "பட்டை ஒரே அளவு, துண்டுகள்தான் வேற, டீச்சர்!" என்றாள் ஒரு மாணவி. என் பழைய வாக்கியத்தை அவளே திருத்திவிட்டாள்.